புள்ளியைக் கடைசியில் பாருங்கள்: சிறுத்தை போலிருக்கும் பூனைக்குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

தங்க நிற ரோமம், அதில் கறுப்பு வளையங்கள், வெளிச்சம் பட்டால் ஒரு மினுமினுப்பு. அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷமே மனசு முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு நாம் தேடுவதெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்ற காரணங்களைத்தான். நானும் அப்படித்தான் பெங்கால் என்ற இனத்துக் குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது, இதை எழுதும்போதும் பீரோ உச்சியில் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ரோமத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் இனத்தின் கதை, அடுத்து உங்கள் வீடும் உங்கள் நாளும், அப்புறம் தாய்ப்பூனை, அதற்கப்புறம் காகிதங்கள். இந்த வரிசை மாறினால் பெரும்பாலும் கஷ்டப்படப் போவது அந்தக் குட்டிதான்.

1. இனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காட்டு மிருகம் போலத் தெரிகிற பூனைகளில் இரண்டு வகை உண்டு. சிலவற்றுக்கு உண்மையிலேயே காட்டு இரத்தம் இருக்கும், மற்றவை வீட்டுப் பூனைகளையே தேர்ந்தெடுத்து இணைத்து உண்டாக்கிய தோற்றம்.

பெங்கால் முதல் வகை. ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப் பூனையையும் 1963இல் அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி முதலில் இணைத்தார். இடையில் நின்றுபோன அந்த வேலையை 1980களில், இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக வில்லர்ட் சென்டர்வால் என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கிய கலப்பினப் பூனைகளை வாங்கி மறுபடி தொடங்கினார். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பெங்காலின் ரோமத்தில் தெரிகிற அந்த மினுமினுப்பு காட்டிலிருந்து வந்ததல்ல என்பது. டில்லி மிருகக்காட்சி சாலையில் திரிந்த ஒரு சாதாரணப் பூனையை ஜீன் மில் கொண்டுபோய்த் தன் பூனைகளோடு சேர்த்தார், அதன் கொடை அது. டி.ஐ.சி.ஏ. என்ற சர்வதேசப் பூனைச் சங்கம் 1986இல் பெங்காலைப் புதிய இனமாகப் பதிவு செய்தது.

சவானா இன்னும் ஒரு படி மேலே. ஆப்பிரிக்காவின் செர்வல் என்ற நெடுங்கால் காட்டுப்பூனையோடு வீட்டுப் பூனையைச் சேர்த்து 1986இல் முதல் குட்டி பிறந்தது. ஓசிகேட், ஈஜிப்ஷியன் மாவ் இரண்டும் பார்க்கத்தான் காட்டுப்பூனை, டாய்கர் பெங்காலிலிருந்து உண்டாக்கியது என்பதால் அதில் காட்டு இரத்தம் தூரத்து உறவாக மட்டும் இருக்கும். டாய்கருக்குப் புலி மாதிரி வரி, மற்ற இரண்டுக்கும் புள்ளி. ஓசிகேட் என்பது அபிசீனியனும் சியாமும் கலந்தது, அதில் காட்டு இரத்தம் ஒரு துளிகூட இல்லை. உங்களுக்கு வேண்டியது அந்தத் தோற்றம் மட்டும்தான் என்றால் இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

‘எக்ஸாட்டிக்’ என்று விளம்பரத்தில் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் என்பது ஒரு தனி இனத்தின் பெயர், குட்டை ரோமம் உள்ள பெர்ஷியன் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் சிறுத்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காட்டு இரத்தம் உள்ள இனங்களில் தலைமுறையை எண்ணிச் சொல்வார்கள். காட்டுப்பூனைக்கு நேராகப் பிறந்தது எஃப்1, அதன் குட்டி எஃப்2, இப்படிப் போகும். முதல் மூன்று தலைமுறைகள் பெரும்பாலும் பயந்த சுபாவம் கொண்டவை. சிறுநீரால் இடம் குறிப்பது, மலஜலம் கழிக்க வைக்கும் மணல் தட்டைப் பயன்படுத்தாமல் விடுவது, புது ஆளைக் கண்டால் நாள் முழுக்க ஒளிந்துகொள்வது என்று எல்லாம் இருக்கும். வீட்டில் வளர்க்க நான்காம் தலைமுறைக்கு மேற்பட்டதுதான் சரி, அதுவும் முதல்முறை பூனை வளர்ப்பவர் என்றால் இன்னும் தள்ளிப்போன தலைமுறை. விற்பவர் எஃப்1, எஃப்2 என்று பெருமையாகச் சொன்னால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் சட்டமும் வருகிறது. காட்டு உயிர்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை முந்தைய நான்கு தலைமுறைகளுக்குள் காட்டுப்பூனை இருக்கும் கலப்பினங்களையும் கவனிக்கிறது. ஆஸ்திரேலியா 2008இல் சவானாவை நாட்டுக்குள் விடவே மறுத்தது. சில இடங்களில் பெங்காலுக்கே தடை உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊர் விதி என்ன என்று விலங்கு நல அலுவலகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் பறிமுதல் வரைக்கும் போகும்.

2. உங்கள் வீட்டையும் உங்கள் நாளையும் பாருங்கள்

பெங்கால் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிற பூனை அல்ல. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கத்தும், அந்தக் குரலும் மெல்லிய மியாவ் இல்லை, அடித்தொண்டையிலிருந்து வரும் ஒரு நீண்ட அழைப்பு. கதவின் கைப்பிடியைக் குதித்துப் பிடித்துத் தொங்கித் திறக்கும். தண்ணீர் என்றால் உயிர். என்னுடையவள் ஒரு வயதில் நெம்புகோல் குழாயைத் திறக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் நாம் திறப்பதைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பல நாள் பார்த்தாள், அப்புறம் ஒருநாள் வலது முன்னங்காலால் கைப்பிடியின் நுனியைக் கீழிருந்து தூக்கினாள், ஒழுகியது. விரல்களை விரித்து அந்த நீரோட்டத்துக்குள் விட்டு எடுத்து நக்கினாள். மூடக் கற்றுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து வெளியே போகும்போது குழாயின் வால்வையே மூடிவிட்டுத்தான் போகிறேன்.

இதை ரசிக்க முடிகிறவருக்கு இது போல ஒரு துணை கிடையாது. ஆனால் காலையில் போய் இரவில் திரும்புகிற, வீட்டில் வேறு ஆளோ வேறு பூனையோ இல்லாத ஒருவருக்கு இந்த இனத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிஷமாவது, மூச்சிரைக்க ஓடவிட்டு விளையாட வேண்டும். கூரை வரை ஏறிப்போக மரமோ பலகைகளோ வேண்டும். அது கிடைக்காவிட்டால் திரைச்சீலை கிழியும், சோபா கிழியும், மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் போகும். ஒன்று ஒன்றரை வயதில், ‘சமாளிக்க முடியவில்லை’ என்று கைவிடப்படும் பெங்கால்கள் நிறைய. அதனால் காப்பகத்திலோ, இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வு கொடுத்த பூனைகளை வளர்ப்பாளர் தரும்போதோ, வளர்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வதையும் யோசியுங்கள். குணம் என்ன என்று அப்போதே தெரிந்துவிடும், மறைக்க எதுவும் இருக்காது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோமம் இல்லாத ஸ்ஃபிங்க்ஸ் பூனை ஒவ்வாமை தராது என்று விற்பார்கள். மூக்கடைப்பை உண்டாக்குவது ரோமம் அல்ல, பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம், அது ஸ்ஃபிங்க்ஸிலும் உண்டு. ஒரு மணி நேரம் அந்தப் பூனைகள் இருக்கும் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

3. அந்த இனத்துக்கு என்ன நோய் வரும் என்று கேளுங்கள்

இதைத்தான் யாரும் விளம்பரத்தில் எழுதமாட்டார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, சிலவற்றில் நாம் ‘அழகு’ என்று சொல்வதே நோயாக இருக்கிறது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் இருந்த சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்த இனம் இது. காதை மடக்கும் அந்த மரபணு மாற்றம் உடம்பு முழுவதும் இருக்கும் குருத்தெலும்பைப் பாதிக்கிறது. எந்த மரபணு என்பதும் 2016இல் கண்டுபிடிக்கப்பட்டது. காது மடிந்திருந்தால் ஏதோ ஓர் அளவில் மூட்டுக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம், வயதாக ஆக வால் விறைக்கும், குதிக்க யோசிக்கும், நடக்கும்போது வலிக்கும். நல்ல வளர்ப்பாளரிடம் வாங்கினாலும் இதிலிருந்து தப்ப வழியில்லை. தயவுசெய்து அந்தக் காதுக்காக வாங்காதீர்கள். முகம் தட்டையான பூனைகளில் மூச்சுத் திணறல், கண்ணில் ஓயாமல் நீர் வடிதல், பல் வரிசை சரியில்லாமை. பெர்ஷியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் நோயும் சேர்ந்துகொள்ளும், அதற்கு 2004 முதல் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது.

பெங்காலில் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து பார்வை போகும் நோய், பரிசோதனைச் சீட்டில் பிஆர்ஏ-பி என்று இருக்கும். இரண்டு, இரத்த சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதைந்து சோகை உண்டாக்கும் பைருவேட் கைனேஸ் குறைபாடு. இவை இரண்டும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டிக்கு நோயாகும். பெற்றோரில் ஒருவர் ‘கிளியர்’, அதாவது அந்தக் கோளாறான மரபணு இல்லாதவர், என்றால்கூடப் போதும், அந்தக் குட்டிக்கு நோய் வராது. இருவருமே நோயைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எனவே தாய் தந்தை இருவரின் டிஎன்ஏ சீட்டையும் கேளுங்கள், ‘எங்கள் வம்சத்தில் இல்லை’ என்ற பேச்சை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

மூன்றாவது இதயத் தசை தடித்துப்போகும் எச்சிஎம். மெயின் கூன், ராக்டால் இனங்களில் இதற்கு டிஎன்ஏ பரிசோதனை உண்டு, பெங்காலுக்கு நம்பத் தகுந்த பரிசோதனை இல்லை. ஆகவே, இனப்பெருக்கத்தில் இருக்கும் பூனைகளுக்கு ஆண்டுதோறும் இதயத்தில் எக்கோ ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். எடுத்த தேதியைப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஸ்கேனில் ‘நார்மல்’ என்றிருந்தால் அது மூன்று வருஷத்துக்கு முன்பு நார்மல், அவ்வளவுதான்.

4. நேரில் போய்த் தாய்ப்பூனையைப் பாருங்கள்

தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்கள். பூனைக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும். தாய் உங்கள் அருகில் வந்து முகர்கிறதா, சீறிவிட்டு அலமாரிக்கு அடியில் ஓடுகிறதா? குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது இரண்டாவது வாரத்திலிருந்து ஏழெட்டாவது வாரத்துக்குள்தான். அந்த நாட்களில் கூண்டிலேயே வைத்திருந்தார்களா, வீட்டுக்குள் மிக்ஸி சத்தமும் குழந்தைகளின் கையும் பழகி வளர்ந்ததா என்பது நீங்கள் அங்கே பதினைந்து நிமிஷம் தரையில் உட்கார்ந்தாலே தெரியும். ஒரு குட்டியைத் தூக்கி மார்போடு வைத்துப் பாருங்கள். முதலில் விறைத்து, கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து, விலா எலும்புக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி சுகமான ‘குர்ர்’ சத்தம் கையில் அதிர்ந்தால் நல்லது. தளராமலே இருந்தால் அந்தக் குட்டிக்கு உங்களிடம் நிறைய பொறுமை இருக்க வேண்டும்.

கண்ணில் பீளை, தும்மல், காதில் காப்பித் தூள் மாதிரி அழுக்கு, உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பது, வாலுக்குக் கீழே ஈரம். இதில் எது இருந்தாலும் அன்று வாங்காதீர்கள். ஒரு குட்டிக்கு இருந்தால் மற்றவற்றுக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாவம் பார்த்து வாங்கத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. வாங்கினால் அந்த இடம் அடுத்த ஈற்றையும் அதே மாதிரிதான் வளர்க்கும்.

ரோமம் பற்றி இப்போது சொல்கிறேன். பெங்கால் குட்டிகள் நாலைந்து வாரத்தில் சாம்பல் பூத்த மாதிரி நீண்ட பஞ்சு ரோமத்துக்குள் போய்விடும். புள்ளியெல்லாம் மங்கிப் புகையாகத் தெரியும், மூன்று நான்கு மாதத்தில்தான் தெளியும். பத்து வார வயதில் மங்கலாக இருக்கும் குட்டியை யாரும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள், அதுதான் பின்னால் வீட்டிலேயே அழகாக நிற்கும். தோளிலும் வயிற்றிலும் ரோமத்தை லேசாக ஒதுக்கிப் பாருங்கள், வேரில் நிறம் தெரியும். வயிற்றிலும் புள்ளி இருக்க வேண்டும்.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். ஆறு, ஏழு வாரத்தில் தாயை விட்டுப் பிரிந்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது, அதைக் கற்றுக்கொடுப்பது தாயும் உடன்பிறந்தவையும்தான்.

நேரில் போக முடியாத தூரம் என்றால், வீடியோ அழைப்பில் தாயும் குட்டிகளும் ஒரே காட்சியில் சேர்ந்து தெரிய வேண்டும், நீங்கள் கேட்கும் குட்டியைத் தூக்கிக் காட்டவும் வேண்டும். முன்பே எடுத்த வீடியோ கணக்கில் சேராது. விளம்பரப் படங்களைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள், திருட்டுப் படங்கள் வைத்து முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இந்தத் துறையில் நிறைய. ‘இன்றைக்கே பணம் போட்டால்தான்’ என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.

5. காகிதங்கள்

வம்சாவளிச் சான்றிதழ் எந்தச் சங்கத்துடையது என்று பாருங்கள். டி.ஐ.சி.ஏ., சி.எஃப்.ஏ., ஐரோப்பாவின் ஃபைஃப், பிரிட்டனின் ஜி.சி.சி.எஃப். போன்றவை பெரிய சங்கங்கள், பதிவெண்ணைக் கொடுத்து அவர்களிடமே கேட்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தச் சான்றிதழ் பெற்றோர் யார் என்று சொல்லும், ஆரோக்கியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்: பரம்பரை நோய் வந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா. கடைசிக் கேள்விக்கு ‘எத்தனை வயதானாலும் எங்களிடமே கொடுங்கள்’ என்று பதில் வந்தால் நல்ல இடம். தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையெழுத்தும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்க வேண்டும். மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

6. வீட்டைத் தயார் செய்யுங்கள்

குட்டி வருவதற்கு முன்னாலேயே ஜன்னல்களுக்கு வலை அடியுங்கள். கொசுவலை தாங்காது, கம்பி வலை வேண்டும். லில்லிப் பூ வீட்டிலேயே இருக்கக் கூடாது, அதன் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான உண்ணி மருந்தில் இருக்கும் பெர்மெத்ரினும் அப்படியே. நூல், ரப்பர் பேண்டு, தலைமுடி கட்டும் வளையம் எல்லாவற்றையும் டப்பாவுக்குள் போடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கி அறுவை சிகிச்சையில் போய் நிற்கும்.

மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாக, அதாவது ஒரு பூனைக்கு இரண்டு. வாசனை சேர்க்காத மணல், முதல் மாதம் பழைய வீட்டில் என்ன மணல் பழக்கமோ அதே மணல். தட்டைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

சாப்பாடும் அதேதான், பழைய உணவில் தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பூனை இறைச்சி உண்டே வாழும் பிராணி. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் பலூன் போல விரிந்து பலவீனமாகிறது என்று 1987இல் நிரூபணமானது, அதன் பிறகுதான் பூனைத்தீவன நிறுவனங்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. அதனால் நாம் சாப்பிடுவதிலிருந்து பிசைந்து வைப்பது போதாது, ‘முழுமையான உணவு’ என்று எழுதிய குட்டித் தீவனம் வேண்டும். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

7. முதல் வாரம்

ஒரே ஓர் அறை. கூடையைத் திறந்துவைத்துவிட்டு நீங்கள் தரையில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். எட்டிப் பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள், அது திருப்பி அப்படிச் செய்தால் உங்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டது. முதல் நாள் ஒளிந்திருப்பது சகஜம், ஆனால் ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடாமல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

எப்படியும் மூன்று நாளுக்குள் ஒருமுறை மருத்துவர் பார்க்கட்டும், கையோடு மலத்தையும் ஒரு டப்பியில் எடுத்துப் போங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் குட்டி வந்த நாளிலிருந்தே மலம் இளகி, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். விற்றவரிடம் கேட்டால் உணவு மாற்றம்தான் என்றார். இரண்டு மாதம் தீவனத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன், நின்றபாடில்லை, பின்புறம் சிவந்து புண்ணாகி மணல் தட்டில் உட்காரும்போதே அழுவாள். கடைசியில் இன்னொரு மருத்துவர் பிசிஆர் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். ட்ரைட்ரிகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. பல பூனைகளை நெருக்கமாக வளர்க்கும் இடங்களில் பரவும், சாதாரண மலப் பரிசோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும், பூச்சி மருந்துக்கும் அசையாது. உங்கள் குட்டிக்கு இளகின மலம் இரண்டு வாரத்தைத் தாண்டினால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தடுப்பூசி 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடரும், நடுவில் விட்டுவிடாதீர்கள். கருத்தடை நாலைந்து மாதத்தில் செய்துவிடலாம், ஆண் பூனை சுவரில் சிறுநீர் பீச்சப் பழகுவதற்கு முன்னால் செய்வது நல்லது. வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரம் தனித்தனியே. முதலில் ஒன்றின் துணியை மற்றதன் அறையில் போட்டு வாசனை பழக்குங்கள், அப்புறம் கதவுக்கு இருபுறமும் சாப்பாடு வையுங்கள், அதற்கப்புறம்தான் நேருக்கு நேர்.

குட்டி ஒழுங்காகச் சாப்பிட்டு, மணல் தட்டில் போய், நீங்கள் அறைக்குள் வரும்போது ஓடிவரத் தொடங்கியதும் கதவைப் பாதி திறந்துவைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டாம், தானாக வரட்டும். முதலில் மூக்கு வரும், பிறகு ஒரு முன்னங்கால், உள்ளே ஓடும், மறுபடி வரும். அதற்கு முன்னால் ஒருமுறை போய், கழிவறை மூடி மூடியிருக்கிறதா, வாஷிங் மெஷின் கதவு சாத்தியிருக்கிறதா, வாளிகளில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.